வீட்டுப் பட்டறையில் ஒரு டிராக்டர் கேபின்

(பொது அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டொரண்டோவிலும் அதைச் சுற்றியும் குடியிருக்கும் நம்மில் பலருக்குப் பனி அள்ளுவது மண்வெட்டியோடு முடிகிற வேலை. வாசலில் இரண்டு கார் நிற்கும் இடம், நடைபாதையில் ஒரு துண்டு, அவ்வளவுதான். தெருவை நகராட்சி பார்த்துக்கொள்ளும். இங்கிருந்து வடமேற்கே இரண்டு மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், ஓவன் சவுண்ட் நகரத்தைச் சுற்றியுள்ள கிரே, புரூஸ் மாவட்டங்களுக்குள் நுழைந்தால் நிலைமை வேறு. அங்கே பண்ணை வீடுகள் சாலையிலிருந்து நூறு, இருநூறு மீட்டர் உள்ளே தள்ளி இருக்கும். ஊராட்சியின் பனி வண்டி சாலையை மட்டும் தள்ளிவிட்டுப் போய்விடும். போகும்போது வீட்டுப் பாதையின் வாயில், இடுப்பளவு உயரத்துக்கு ஒரு வரப்பையும் விட்டுச் செல்லும். அந்த வரப்பும் அதற்குப் பின்னால் வீடுவரை கிடக்கும் பனியும் வீட்டுக்காரர் பொறுப்பு.

எவ்வளவு பனி என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நூறு மீட்டர் நீளம், நாலு மீட்டர் அகலம், முப்பது சென்டிமீட்டர் ஆழம் என்றால் 120 கன மீட்டர். புதிதாக விழுந்த பனி ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோ என்று வைத்தாலும் பன்னிரண்டு டன் ஆகிறது. காற்று அடித்து இறுக்கிய பனி அதைப்போல மூன்று மடங்கு கனக்கும். பள்ளிப் பேருந்து காலையில் வருவதற்குள், பால் வண்டி வருவதற்குள் இதை அகற்றியாக வேண்டும். அதனால்தான் அந்த ஊர்களில் பல வீட்டுக் கொட்டகைகளில் ஒரு பழைய டிராக்டரும், அதன் பின்னால் மாட்டிய பனி ஊதும் இயந்திரமும் நிற்கின்றன. அந்த டிராக்டரின் மேல் வீட்டுக்காரர் தன் கையாலேயே கட்டிக்கொள்ளும் கேபினைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பனி அங்கே ஏன் அப்படிக் கொட்டுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேபின் எப்படி அமைய வேண்டும் என்பது அதிலிருந்துதான் தெரியவரும். டிசம்பரிலும் ஜனவரியிலும் வடதுருவப் பக்கமிருந்து வறண்ட குளிர்காற்று ஹூரான் ஏரியைக் கடந்து வருகிறது. ஏரி அப்போது முழுதும் உறைந்திருக்காது. தண்ணீர் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். காற்றின் அடிப்பகுதி சூடேறி, ஈரத்தை வாங்கிக்கொண்டு மேலே கிளம்புகிறது. எதிர்க்கரையின் மேட்டு நிலத்தில் மோதியதும் வாங்கியதையெல்லாம் கொட்டிவிடுகிறது. பனி ஒரே சீராகப் பரவி விழாமல் குறுகிய பட்டைகளாக இறங்கும். ஒரு ஊரில் கைநீட்டினால் விரல் தெரியாது, சற்றுத் தூரத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். இதே முறையில்தான் சுப்பீரியர் ஏரி மிச்சிகனின் கீவீனா தீபகற்பத்தை மூடுகிறது. 1978–79 குளிர்காலத்தில் அங்கே 390.4 அங்குலம், ஏறத்தாழ பத்து மீட்டர், பனி விழுந்ததாகப் பதிவு உள்ளது. 2022 நவம்பரில் ஈரி ஏரி, பஃபலோவுக்குத் தெற்கே உள்ள ஹாம்பர்க், ஆர்ச்சர்ட் பார்க் ஊர்களில் ஒரே புயலில் எண்பது அங்குலம் அளவுக்குக் கொட்டியது.

ஏரிகள் தரும் இந்தப் பனி பெரும்பாலும் உலர்ந்த தூள். கூடவே காற்றும் வரும். இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பனியைத் தள்ளுவதற்கும் ஊதுவதற்கும் வித்தியாசம் உண்டு. முன்னால் தகடு கட்டிய வண்டி பனியைப் பாதையின் இரு ஓரங்களிலும் ஒதுக்குகிறது. ஒவ்வொரு முறையும் ஓரத்து வரப்பு உயரும், பாதை குறுகும். உயர்ந்த வரப்பு காற்றைத் தடுப்பதால், காற்று சுமந்து வரும் பனி அதன் மறைவிலேயே படிந்து பாதையை இன்னும் வேகமாக நிரப்பிவிடும். ஜனவரி கடைசிக்குள் தள்ள இடமே இருக்காது. ஊதும் இயந்திரம் அப்படியல்ல. முன்னே ஆகர் என்னும் திருகுத் தண்டு பனியை நடுவுக்கு இழுக்கிறது. பின்னே வேகமாகச் சுழலும் இம்பெல்லர் அதை வாங்கி, வளைந்த குழாய் வழியே வயலுக்குள் தூர எறிகிறது. வரப்பு கட்டாது.

இந்த இயந்திரம் கனடா தந்தது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ரயில் பாதைக்கான சுழல் பனிக்கலப்பையை முதலில் யோசித்தவர் டொரண்டோவைச் சேர்ந்த ஜே. டபிள்யூ. எலியட் என்ற பல் மருத்துவர், காலம் 1869. சாலைக்கான இயந்திரத்தைச் செய்தவர் கியூபெக்கின் ஆர்தர் சிக்கார், பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். கதிரடிக்கும் இயந்திரம் வைக்கோலை உள்ளே இழுத்து வெளியே வீசுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். 1925-இல் அவர் உருவாக்கிய இயந்திரத்தை 1927-இல் மான்ட்ரியலை ஒட்டிய உட்ரெமோன் நகராட்சி வாங்கியது. வைக்கோலும் பனியும் ஒரே பண்ணையின் இரண்டு பருவங்கள். ஒன்றுக்குக் கண்ட வழியை மற்றொன்றுக்கும் திருப்பிவிடுவது விவசாயியின் இயல்பான அறிவு. கேபின் கட்டுவதும் அந்த அறிவைச் சேர்ந்ததே.

இன்னொருவரையும் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. கியூபெக்கின் வல்கூர் ஊரில் மெக்கானிக்காக இருந்தவர் ஜோசப்-அர்மான் பொம்பார்டியர். 1934 குளிர்காலத்தில் அவருடைய சின்னஞ்சிறு மகன் நோயில் விழுந்தான். சாலைகள் பனியில் மூடிக் கிடந்ததால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியில்லாமல் குழந்தை இறந்துபோனது. பனிமேல் ஓடும் வண்டியை அதற்கு முன்பிருந்தே முயன்றுகொண்டிருந்த அவர், பிறகு அதை விடாமல் பிடித்து முடித்தார். ஏழு பேர் உட்காரும் பி7 வண்டிக்கு 1937-இல் காப்புரிமை கிடைத்தது. அதன் கூண்டு பிளைவுட்டால் ஆனது. பள்ளிக் குழந்தைகளையும் மருத்துவர்களையும் தபாலையும் சுமந்து பல குளிர்காலங்களைக் கடந்தவை அந்தப் பிளைவுட் கூண்டு வண்டிகள். அதனால், கேபினைப் பிளைவுட்டில் கட்டுகிறோமே என்று யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

தொழிற்சாலைகள் இதைச் செய்யாமல் இல்லை. மினியாபொலிஸ்-மோலின் கம்பெனி 1938-இலேயே யூடிஎல்எக்ஸ் என்ற டிராக்டரை மூடிய கேபினும் ஹீட்டரும் வானொலியுமாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை அதிகம், வாங்கியவர்கள் குறைவு. 1972-இல் ஜான் டீர் சவுண்ட்-கார்ட் கேபினை அறிமுகப்படுத்திய பிறகுதான் பெரிய டிராக்டர்களில் கேபின் வழக்கமானது. ஆனால் வீட்டுப் பாதையில் பனி ஊதுகிறவரிடம் இருப்பது சின்ன டிராக்டர், அல்லது அப்பா காலத்துப் பழைய டிராக்டர். அதற்குக் கம்பெனி கேபின் கிடைத்தாலும் சில ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டும். பல மாடல்களுக்குக் கிடைப்பதே இல்லை. என்ஜினின் இருபுறமும் கான்வாஸ் துணியைக் கட்டி, ரேடியேட்டர் விசிறி பின்னோக்கித் தள்ளும் சூட்டை ஓட்டுநர் பக்கம் திருப்பிவிடும் உறைகள் பல காலமாகக் கடைகளில் கிடைக்கின்றன. கால் முட்டிக்கு அது இதம். முகத்துக்கு உதவாது.

முகத்துக்கு என்ன நேர்கிறது என்று பார்ப்போம். வெப்பநிலை மைனஸ் 20, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால், கனடாவும் அமெரிக்காவும் 2001 முதல் பயன்படுத்தும் காற்றுக்குளிர் அட்டவணைப்படி, திறந்த தோலுக்கு அது மைனஸ் 33 போல இருக்கும். போதாக்குறைக்கு, இயந்திரம் எறியும் தூளில் ஒரு பங்கைக் காற்று திருப்பி நம் மேலேயே கொண்டுவரும். கழுத்துக்குள் புகும், இமையில் உறையும், மூக்குக் கண்ணாடியை மூடும். டிராக்டரின் பின்னால் மாட்டும் இயந்திரமாக இருந்தால் ரிவர்ஸில் ஓட்ட வேண்டும். உடம்பைத் திருக்கி, கழுத்தைப் பின்னால் வளைத்து, மெல்ல மெல்ல ஒரு மணி நேரம். ஆகருக்கு முன்னால் கல் இருக்கிறதா, குழந்தை விட்டுப்போன சறுக்குப் பலகை இருக்கிறதா, பாதை எங்கே முடிந்து பள்ளம் தொடங்குகிறது, எல்லாவற்றையும் அந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எனவே என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் கேபின் கட்டத் தொடங்குவது குளிருக்காக. ஆனால் நல்ல கேபினையும் கெட்ட கேபினையும் பிரிப்பது பார்வை. உள்ளே கதகதப்பாக இருந்து வெளியே ஒன்றும் தெரியாத கேபின், குளிரில் நடுங்கியபடி திறந்த டிராக்டரை ஓட்டுவதைவிட ஆபத்தானது. கட்டும்போது எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்: இதனால் எனக்கு எது தெரியாமல் போகிறது?

சட்டகத்திலிருந்து தொடங்குவோம். ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய், மெல்லிய சுவர் கொண்டது, போதும். வீட்டு வெல்டிங் மெஷின் அதைத் தாங்கும். தடித்த குழாய் போட்டால் உறுதி என்று தோன்றும். எடை கூடும், தூண் தடிக்கும், தூண் தடித்தால் மறைவு கூடும். வெல்டிங் தெரியாதவர்கள் மரச்சட்டத்தில் பிளைவுட் அடித்தும் செய்கிறார்கள். அதுவும் பல குளிர்காலம் நிற்கும். மூலைகளுக்கு இரும்புப் பட்டை கொடுத்து, வெட்டு விளிம்புகளில் வண்ணம் பூசி ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இரும்பை வெட்டுவதற்கு முன் மெல்லிய ரீப்பரையும் அட்டையையும் டிராக்டரிலேயே கட்டி ஒரு மாதிரி செய்யுங்கள். பிறகு கோடைச் சட்டையோடு அல்லாமல், குளிர்கால உடுப்பு முழுவதும் போட்டுக்கொண்டு ஏறி உட்காருங்கள். தடித்த கோட்டோடு உடம்பைத் திருப்பும்போது முழங்கை எங்கே இடிக்கிறது, பூட்ஸ் காலால் கிளட்ச் மிதிக்கும்போது முட்டி எங்கே தட்டுகிறது, தொப்பிக்கு மேல் எத்தனை விரல் இடம் இருக்கிறது என்று ஒருவர் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்ளட்டும். முக்கியமாக, பின்னால் திரும்பி இயந்திரத்தைப் பார்க்கும்போது எந்தத் தூண் அதன் மூலையை மறைக்கிறது என்று பாருங்கள். தூணை நாலு அங்குலம் நகர்த்துவது அட்டையில் ஒரு நிமிட வேலை. கொட்டகைக் கதவின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். பல வீடுகளில் அது ஏழு அடிதான். டயரில் சங்கிலி கட்டினால் டிராக்டர் இன்னும் சற்று உயரும்.

கேபினை ஒரே பெட்டியாகக் கட்டாமல் முன், பின், இரு பக்கம், கூரை என்று தனித்தனிச் சட்டங்களாகச் செய்து போல்ட்டால் இணைப்பதையே நான் பரிந்துரைப்பேன். ஏப்ரலில் இருவர் சேர்ந்து கழற்றிவிடலாம், பழுதானால் ஒரு பக்கத்தை மட்டும் மாற்றலாம். டிராக்டரோடு சேரும் இடங்களிலெல்லாம் தடித்த ரப்பர் வையுங்கள். இரும்பை இரும்போடு நேராக முறுக்கினால், என்ஜினின் அதிர்வைக் கேபினின் தகடு வாங்கிப் பறைபோல் அடிக்கும். வீட்டில் கட்டிய கேபின்கள் பலவற்றில் சத்தம் திறந்த டிராக்டரைவிட அதிகம் என்பதை அவற்றில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். அகலமான தகட்டுப் பரப்புக்கு உள்ளே கனத்த ரப்பர் விரிப்பு ஒட்டினால் அதிர்வு அடங்கும்; கூரையின் உட்பக்கம் நுரைப்பஞ்சு ஒட்டினால் எதிரொலி குறையும். அப்படியும் காதுக்கு மூடி போட்டுக்கொள்வதே நல்லது.

இனி ஜன்னல். இங்கேதான் நேரம் செலவிட வேண்டும்.

வீட்டு ஜன்னலில் போடும் சாதாரணக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். உடைந்தால் கத்தியாகப் பிளக்கும், அதுவும் முகத்துக்கு ஒரு அடி தூரத்தில். தெளிவான வினைல் தாள் மலிவு, உருட்டி வைக்கலாம், கதவுக்குப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் கடுங்குளிரில் விறைத்துப்போய் மடிப்பில் வெடிக்கும். அதன் வழியே பார்த்தால் வெளியே எல்லாம் நெளியும். அக்ரிலிக் தெளிவாக இருக்கும், கீறலையும் ஓரளவு தாங்கும். ஆனால் துளையிட்ட இடத்திலிருந்து குளிரில் விரிசல் ஓடும். பாலிகார்பனேட் உடையாது, கல் பட்டாலும் தாங்கும். அதன் குறை, சீக்கிரம் கீறல் விழுவது. பனிச்சுரண்டியால் ஒருமுறை தேய்த்தால் போதும், அடுத்த நாள் காலை வெயில் அந்தக் கீறல்களில் பட்டு எதிரே வெள்ளைத் திரை விரியும்.

என் பரிந்துரை கலப்பு முறை. வைப்பர் ஓட வேண்டிய இடத்தில், அதாவது இயந்திரத்தைப் பார்க்கும் ஜன்னலில், பாதுகாப்புக் கண்ணாடி. பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டுகளில் வேன்களின் பின்கதவுக் கண்ணாடி தட்டையாகக் கிடைக்கும். அதை வெட்ட முடியாது என்பதால் சட்டத்தைக் கண்ணாடியின் அளவுக்குச் செய்ய வேண்டும். கண்ணாடிக் கடைகளில் இரண்டு அடுக்கு ஒட்டிய லாமினேட்டட் கண்ணாடியை வேண்டிய அளவுக்கு வெட்டித் தருவார்கள். மற்ற பக்கங்களுக்குப் பாலிகார்பனேட். அதைப் பொருத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மீட்டர் பாலிகார்பனேட் தாள், பட்டறையின் இருபது டிகிரியிலிருந்து வெளியே மைனஸ் 25-க்குப் போனால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் சுருங்கும். இரும்புச் சட்டம் அரை மில்லிமீட்டர்தான் சுருங்கும். திருகு இறுக்கமாக இருந்தால் தாள் துளையில் கிழியும் அல்லது வளையும். அதனால் துளையைத் திருகைவிடப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, கைவிரல் இறுக்கத்துக்குச் சற்று மேல் முறுக்கினால் போதும்.

வைப்பருக்கு 12 வோல்ட் மோட்டார் காயலான் கடையிலேயே கிடைக்கும். ஒரே ஒரு வைப்பர்தான் வைக்க முடியும் என்றால் அதைப் பின் ஜன்னலில் வையுங்கள், பின்னால் மாட்டிய இயந்திரமாக இருந்தால். முன்பக்கம் நன்றாகத் தெரிந்து என்ன பயன்? வேலை நடப்பது பின்னால்.

கண்ணாடியின் வெளிப்பக்கம் பனி, உட்பக்கம் மூச்சு. ஓட்டுநரின் மூச்சிலும், பூட்ஸில் ஒட்டி வந்து தரையில் உருகும் பனியிலும் இருக்கும் ஈரம் முழுவதும் குளிர்ந்த ஜன்னலைத் தேடிப்போய்ப் படிந்து உறையும். அதனால் ஹீட்டரின் காற்றை முதலில் அந்தப் பின் ஜன்னலின் அடி விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஊதச் செய்யுங்கள். காலுக்கு மிச்சம் போதும். எதிர்ப்பக்கம் மேலே ஒரு சின்ன வெளியேற்று வழி இருக்கட்டும். ஈரக்காற்று வெளியே போகாமல் எந்த ஹீட்டரும் கண்ணாடியைத் தெளியவைக்காது.

விளக்கும் பார்வையைச் சேர்ந்ததே. கேபின் கூரையில் கண்ணுக்கு நேர் மேலே விளக்கு வைத்தால், பறக்கும் பனித்தூள் அந்த ஒளியைத் திருப்பி நேராகக் கண்ணுக்கு அனுப்பும். பிரகாசம் கூடக்கூட வெள்ளைச் சுவர்தான் தடிக்கும். விளக்குகளைக் கண்மட்டத்துக்குக் கீழே, இரு பக்கமும் ஒதுக்கி, இயந்திரத்தின் வாயை நோக்கிச் சாய்த்து வையுங்கள். இன்றைய எல்இடி விளக்குகளுக்கு மின்சாரம் குறைவாகப் போதும். ஆனால் அவற்றின் முகப்பு சூடேறாததால் படிந்த பனி உருகாது. பழைய ஹாலஜன் விளக்கு தன் சூட்டிலேயே தன்னைத் துடைத்துக்கொள்ளும். எல்இடி போட்டால் இடையிடையே இறங்கிக் கையால் துடைக்க வேண்டியிருக்கும்.

இதற்கெல்லாம் முன்பே, நிலம் இறுகுவதற்கு முன் நவம்பரிலேயே, பாதையின் இரு ஓரங்களிலும் ஒளி பிரதிபலிக்கும் பட்டை சுற்றிய கழிகளை நட்டு வைக்க வேண்டும். கேபினுக்கு வெளியே செய்யும் வேலைதான், ஆனாலும் கேபினுக்குள் இருப்பவர் அவற்றை நம்பித்தான் ஓட்டுகிறார்.

வெப்பத்துக்கு வருவோம். என்ஜின் எரிக்கும் எரிபொருளின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிர்விக்கும் தண்ணீர் வழியே வீணாகப் போகிறது. தண்ணீரால் குளிரும் என்ஜினாக இருந்தால் அந்த வீண் சூட்டைக் கேபினுக்குத் திருப்பலாம். பழைய காரின் ஹீட்டர் கோர் ஒன்று, ஒரு சின்ன விசிறி, இரண்டு ரப்பர் குழாய், கோடையில் மூடிவைக்க ஒரு வால்வு. சில கிலோவாட் வெப்பம் இலவசமாகக் கிடைக்கும். குழாய்கள் கூர்மையான விளிம்பிலோ புகைக்குழாயிலோ உரசாமல் பாருங்கள். கொதிக்கும் தண்ணீர் ஓட்டுநரின் கால் பக்கம் பீறிட்டால் இறங்க நேரம் இருக்காது.

காற்றால் குளிரும் சின்ன என்ஜின்களில் இந்த வழி இல்லை. அப்போது பலர் சிகரெட் லைட்டரில் செருகும் மின் ஹீட்டரை வாங்குகிறார்கள். கணக்கு எளிது: தோட்ட டிராக்டரின் சார்ஜிங் அமைப்பு பதினைந்து ஆம்பியர் தந்தால் 12 வோல்ட்டில் அது 180 வாட். அதிலேயே விளக்கும் வைப்பரும் ஓட வேண்டும். மிச்சம் உள்ளங்கையைச் சுட வைக்கலாம், கேபினை அல்ல. கிடைப்பதைக் கண்ணாடிக்கு மட்டும் கொடுத்துவிட்டு, உடம்புக்கு நல்ல உடுப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். காற்றை மறைத்தாலே பாதிக் குளிர் போய்விடும்.

கூடாரங்களில் வைக்கும் புரொப்பேன் ஹீட்டரைக் கேபினுக்குள் வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வைக்காதீர்கள். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேல் நீராவி வரும். அத்தனையும் ஜன்னலில் பனியாக ஒட்டும். அதைவிடப் பெரிய காரணம், மூடிய கேபினுக்குள் அது விடக்கூடிய கார்பன் மோனாக்சைடு.

கார்பன் மோனாக்சைடைப் பற்றி நான் பேசும்போது குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். என்ஜின் புகையிலும் அது உண்டு. திறந்த டிராக்டரில் காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஓட்டுநரைச் சுற்றி நாம் பெட்டி கட்டும்போது காற்றின் வழியை மாற்றுகிறோம். கேபினின் முன்பலகை என்ஜின் அறையோடு சேரும் இடத்தில் மிதிகளுக்கும் நெம்புகோல்களுக்கும் விட்ட சந்துகள், தரையில் விட்ட இடைவெளி, எல்லாம் புகை ஏறும் வழிகள். என்ஜின் சூட்டை உள்ளே விடுவதற்காக முன்பலகையைத் திறந்தே விடுபவர்கள் புகையையும் சேர்த்துத்தான் அழைக்கிறார்கள். பழைய பெட்ரோல் டிராக்டர்களில் இந்த ஆபத்து மிகவும் கூடுதல். சந்துகளை ரப்பர் மடலால் மூடுங்கள். புகைக்குழாயைக் கூரைக்கு மேலே ஓரடியாவது உயர்த்துங்கள். அதன் இணைப்புகளில் கசிவு உண்டா என்று ஒவ்வோர் இலையுதிர்காலமும் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைத் தலைமட்டத்தில் மாட்டுங்கள். வீட்டுச் சுவருக்காகச் செய்த கருவி உறைகுளிரில் சரியாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது. முகாம் வண்டிகளுக்கென்று குளிருக்கும் அதிர்வுக்கும் சோதித்து விற்கும் கருவியை வாங்குங்கள். தலை வலித்தால், காரணமின்றித் தூக்கம் வந்தால், என்ஜினை நிறுத்திவிட்டு உடனே இறங்குங்கள்.

அடுத்தது, வீட்டுக் கேபின் ஓட்டுநரைக் கவிழ்விலிருந்து காக்காது என்பது. ஓர் அங்குலக் குழாயும் பிளைவுட்டும் ஒரு டன் டிராக்டர் உருளும்போது நசுங்கிவிடும். 1959-இல் ஸ்வீடன்தான் முதன்முதலில் புதிய டிராக்டர்களுக்குக் கவிழ்வுக் காப்புச் சட்டகத்தைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே கவிழ்ந்து இறப்பது பெருமளவு குறைந்தது. அமெரிக்காவில் 1976 அக்டோபருக்குப் பின் செய்த, வேலையாட்கள் ஓட்டும் டிராக்டர்களுக்கு அது விதியானது. உங்கள் டிராக்டரில் அந்தக் காப்பு வளைவு இருந்தால் அதில் ஒரு துளைகூடப் போடாதீர்கள், வெல்டிங் வைக்காதீர்கள். அந்த எஃகு வளைந்து ஆற்றலை வாங்கும்படி கணக்கிட்டுச் செய்தது. வெல்டிங் சூடு பட்ட இடத்தில் அந்தக் கணக்கு போய்விடும். கேபினை வளைவில் கட்ட வேண்டுமென்றால் கவ்விகளால் கட்டுங்கள். கேபினுக்கு இடம் வேண்டும் என்று வளைவைக் கழற்றி மூலையில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பனியில் பள்ளத்தின் விளிம்பு தெரியாத பருவத்தில், ரிவர்ஸில் ஓட்டும் வேலைக்கு, அதைக் கழற்றுவது எனக்குப் பெரிய வேதனை தருகிறது. வளைவு நிற்கட்டும், இடுப்புப் பட்டையும் கட்டுங்கள். கேபினின் எடை உயரத்தில் இருப்பதால் சரிவில் டிராக்டர் முன்பைவிடச் சீக்கிரம் சாயும். பின் டயர்களில் உப்புக் கரைசல் நிரப்புவதும் சக்கரத்தில் எடை மாட்டுவதும் அதைக் கீழே பிடித்து வைக்கும்.

வெளியேற இரண்டு வழி வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து பனிமேட்டில் ஒட்டிக்கொண்டால் அந்தக் கதவு திறக்காது. எதிர்ப்பக்கமும் கதவு, அல்லது பின் ஜன்னலை உள்ளிருந்து தள்ளித் திறக்கும் கொக்கி. கொக்கியைக் கையுறையோடு திறந்து பாருங்கள்.

கடைசியாக, கேபினை விட்டு இறங்கும் நேரம். ஈரப்பனி வந்தால் வீச்சுக் குழாய் அடைத்துக்கொள்ளும். கதகதப்பான இடத்திலிருந்து குளிரில் இறங்கியவருக்குச் சீக்கிரம் முடித்துவிட்டு ஏறத் தோன்றும். என்ஜின் ஓடும்போதே குழாய்க்குள் கைவிட்டு விரல் இழந்தவர்கள் ஒவ்வொரு குளிர்காலத்திலும் மருத்துவமனைகளுக்கு வருகிறார்கள். ஊதும் இயந்திரத்தை ஓட்டும் டிராக்டரின் பின்பக்கச் சுழல் தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல்கிறது. அதன் இணைப்பை எடுத்துவிட்டு, என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டு, இம்பெல்லர் நின்றுவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அருகே போக வேண்டும். அப்போதும் கையை விடக் கூடாது, கட்டைதான். கதவருகே அந்தக் கட்டைக்கு ஒரு கொக்கி அடித்து வையுங்கள். கைக்கு எட்டும் இடத்தில் இல்லாத கட்டையை யாரும் தேடப் போவதில்லை. கல் சிக்கினால் உடைந்து இயந்திரத்தைக் காப்பதற்கென்றே மென்மையான ஷியர் போல்ட் போட்டிருப்பார்கள். அது அடிக்கடி உடைகிறது என்று கடினமான போல்ட்டைப் போட்டால் அடுத்த கல்லில் உடைவது கியர் பெட்டி. கேபினுக்குள் ஒரு டப்பாவில் சரியான போல்ட்டுகள் சிலவும் ஒரு ஸ்பேனரும் இருக்கட்டும்.

நம் பேச்சில் கேபின் ஒருவருக்கானது போலவே இதுவரை வந்தது. அந்த ஊர்களில் டிராக்டர் வைத்திருப்பவர் தன் பாதையோடு நிறுத்துவதில்லை. பக்கத்தில் தனியாக இருக்கும் முதியவர் வீட்டுப் பாதை, தேவாலய வாசல், ஆம்புலன்ஸ் வர வேண்டிய வீடு என்று போய்க்கொண்டே இருப்பார். திறந்த டிராக்டரில் ஒரு பாதை முடிந்ததும் உடம்பு வீட்டுக்குப் போகச் சொல்லும். கேபின் இருந்தால் இன்னும் இரண்டு வீடு. இதனால்தான் இந்தப் பட்டறை வேலையை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொண்டு பேசுகிறேன்.

ஏப்ரலில் கழற்றும்போது ஒவ்வொரு சட்டத்திலும் எண் எழுதி வையுங்கள். பாலிகார்பனேட் பக்கங்களுக்கு நடுவே பழைய போர்வை போட்டு நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று படுக்க வைத்தால் நடுவில் சிக்கிய மணல் கோடைக்குள் கீறிவிடும். நுரைப்பஞ்சை எலி கடிக்கும், அதனால் தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள். நான் கொண்டுவந்த அளவு வரைபடங்கள் அந்த மேசையில் இருக்கின்றன, வேண்டியவர்கள் படம் எடுத்துக்கொள்ளலாம். உங்கள் டிராக்டரின் மாடலைச் சொல்லிக் கேட்டால், எந்த இடத்தில் கவ்வி வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.